முதல் ரீலை யாரும் சும்மா எடுக்கல சார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்க சினிமா பக்கத்துல, ஆம்பளைங்களுக்குன்னு எடுக்கிற ஆக்‌ஷன் படம்னா முதல் பத்து நிமிஷம் பில்டப்புதான், லேட்டா போனாலும் நஷ்டமில்லன்னு ஒரு வரி வந்திருந்துச்சு. முப்பது வருஷமா உங்க பத்திரிகைய வாங்கிப் படிக்கிறவன் நான், இதுவரைக்கும் ஒரு கடுதாசி போட்டதில்ல. அந்த வரியப் படிச்சதுலேருந்து மனசு ஆறல சார்.

நான் 1984லேருந்து டிஜிட்டல் வர்ற வரைக்கும் எங்க ஊர் தியேட்டர்ல மெஷின்ல படம் ஓட்டுற ஆபரேட்டரா இருந்தவன். உங்களுக்குத் தெரியாததில்ல, 1000 அடி ரீல் ஒண்ணு 11 நிமிஷம் ஓடும். நீங்க வேணாம்னு தள்ளுன பத்து நிமிஷம் அதுதான், முதல் ரீல். படப்பெட்டி எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள அந்த ரீல்தான் அதிகமா கோடு விழுந்து கெடக்கும், ஏன்னா வர்ற வழியில எல்லா ஊர்லயும் ஒன்ஸ்மோர் கேட்டு திருப்பித் திருப்பி ஓட்டியிருப்பாங்க. ஜனங்க எதுக்காக அதத் திரும்பக் கேட்டாங்கன்னு உங்க விமர்சகர் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்.

ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியா பார்த்தா திரையும் தெரியும், கீழ உக்காந்திருக்கிறவங்க தலையும் தெரியும். நாயகன் (1987) எங்க ஊருக்கு வந்தப்ப முன் பெஞ்சுல பசங்க பேப்பரக் கிழிச்சுக் கையில வச்சுக்கிட்டு கமல் எப்ப வருவார்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. வந்தது ஒரு சின்னப் பையன். அவன் அப்பாவ போலீஸ் சுட்டுக் கொல்லுது, பையன் அந்தப் போலீஸ்காரரக் குத்திட்டு பம்பாய்க்கு ஓடிப்போறான். ஒருத்தன்கூட பேப்பர வீசல சார், கையில வச்சது வச்சபடியே கசங்கிக் கெடந்துச்சு. இது விசிலடிச்சுட்டு எந்திரிச்சுப் போற படமில்லன்னு அந்தப் பசங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அந்த சீன் சொல்லிருச்சு. கடைசில, அந்தப் பையனே வளர்ந்து ஆன வேலு நாயக்கர் சாகிறதும் அப்பாவப் பறிகொடுத்த ஒரு பையன் கையாலதான், லேட்டா வந்து உக்காந்தவனுக்கு அந்தக் குண்டு எங்கேருந்து கெளம்புச்சுன்னு எப்படித் தெரியும்?

பில்டப்புன்னு சொல்றீங்களே, அதுலயும் எத்தனை வகை இருக்கு. அண்ணாமலை (1992) படத்துலதான் முதல் தடவையா ரஜினி பேருக்கு முன்னாடி சூப்பர் ஸ்டார்னு எழுத்து எழுத்தா திரையில வந்துச்சு, அதப் பார்த்ததுமே இது நம்ம ஆளு ஜெயிக்கிற படம்னு தெம்பா சாஞ்சு உக்காருவாங்க. பாட்ஷாவுல (1995) ஆரம்பத்துல ஆட்டோக்காரன் பாட்டு, ஒரு நல்ல அண்ணன், தங்கச்சி கல்யாணம், தம்பி வேலைன்னு குடும்பப் படம் மாதிரியே கொண்டு போவாங்க. அப்படிப்பட்ட மனுஷனாவே நாம அவர மனசுல வாங்கிக்கிட்டதாலதான், கம்பத்துல கட்டிவச்சு அடிக்கும்போது நமக்குக் கையெல்லாம் நடுங்குது, அப்புறம் அவர் திருப்பி அடிக்கிறப்ப தியேட்டரே எந்திரிச்சு நிக்குது. காக்க காக்கவுல (2003) ஹீரோ குத்துயிரும் கொலையுயிருமா கெடக்கிறதக் காட்டிட்டுதான் கதையவே ஆரம்பிக்கிறாங்க, அதனால பின்னாடி வர்ற காதல் பாட்டக்கூட வயித்துல ஒரு பயத்தோடதான் பார்க்கணும். மூணும் அடிதடிப் படம்தான், ஆனா மூணையும் நாம ஒரே மாதிரியா பார்த்தோம்?

நான் செஞ்ச ஒரு பாவத்தையும் சொல்லிடுறேன். தேவர் மகன் எங்ககிட்ட வந்தப்ப கூட்டம் தாங்கல, ஒரு காட்சி கூடுதலா ஓட்டணும்னு முதலாளி முதல் ரீல்ல கைவைக்கச் சொன்னார். எவ்வளவோ மன்றாடினேன், நீ மெஷினப் பாரு, கதைய நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டார். பிளேடால வெட்டி ஒட்டினது இந்தக் கைதான். ஹீரோ சக்தி தான் காதலிக்கிற பொண்ணோட ரயில்ல வந்து எறங்குறது போச்சு. ஹோட்டல் தொழில் பண்ணணும்னு கனவோட ரயில்ல வந்த புள்ள, கடைசில கைதியா ரயில்ல போறான், வந்தத வெட்டிட்டு போறத மட்டும் ஓட்டினேன். மறுநாள் டீக்கடையில ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, ஏம்ப்பா, அவன் எந்த ஊர்லேருந்து வந்தான்னே காட்டலியேன்னார். பதில் சொல்ல முடியல. முப்பது வருஷம் ஆகியும் அது எனக்கு உறுத்துது.

இப்ப அந்த முதல் பத்து நிமிஷத்த யாரும் வெட்ட வேண்டியதே இல்லாமப் போச்சு.  போன மாசம் மருமகன் ஆசையா ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிட்டுப் போனார், சாயந்தரம் 6.30 காட்சி. 6.30க்கு விளம்பரம், அப்புறம் புகையிலை எச்சரிக்கை, மறுபடி விளம்பரம். படம் தொடங்கினப்புறமும் லைட்ட முழுசா அணைக்கல, கதவு தெறந்தபடியே இருக்கு, சீட்டு சீட்டா தட்டு கொண்டு வந்து யார் சார் நக்கெட்ஸ்னு கேக்குறாங்க. முதல் சீன் முழுக்க ராத்திரியில இருட்டுக்குள்ள எடுத்தது, ஒரு முகம்கூடத் தெரியல. எந்திரிச்சுப் போய் லைட்ட அணைங்கப்பான்னேன், தட்டு கொண்டு வந்த பையன் என்னை ஒரு மாதிரியா பார்த்தான். நாங்க சாணம் மெழுகின தரையில மணலைக் குமிச்சு உக்காந்து பார்த்தப்பகூட படம் போட்டா இருட்டு இருந்துச்சு சார்.

இதெல்லாம் நீங்க தட்டிக் கேப்பீங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன், நீங்களே லேட்டா போங்கன்னு எழுதிட்டீங்க. அதுதான் தாங்கல.

ஒரே ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை தியேட்டர் பட்டியல்ல காட்சி நேரத்தோட, படம் நெசமா எத்தனை மணிக்கு ஆரம்பிக்குதுங்கிறதையும் தியேட்டர்ல கேட்டுப் பக்கத்துல போடுங்க. எடம் இல்லன்னா சின்ன எழுத்துலயாவது போடுங்க, நான் கண்ணாடி போட்டுப் படிச்சுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
பட்டுக்கோட்டை