ஒருமுறை வெறுங்கையோடு வாருங்கள்: புதிய எழுத்தாளர்களுக்கு ஒரு புத்தகக் கடைக்காரரின் மடல்

அன்புள்ள புதிய எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். சிறிய புத்தகக் கடை ஒன்றை நடத்துபவன் எழுதுகிறேன். சென்ற வாரம் உங்களில் ஒருவர் இணையத்தில் ஒரு பதிவில், "சின்னக் கடைக்காரர்கள் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு பணத்தை விழுங்கிவிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கு ஆமாம் போட்டவர்களும் நிறையப் பேர். கடைப் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் பிரதிகள் கொடுத்த கடைகளில் என்னுடையதும் ஒன்று. அன்றே பதில் எழுதியிருந்தால் வார்த்தை தடித்திருக்கும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லாவுக்குக் கீழே மூன்றாவது இழுப்பறையில் 11 உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு புத்தகத்தின் பெயர், விற்ற பிரதிகள், எங்கள் கழிவு, அதாவது விற்பனையில் கடை எடுத்துக்கொள்ளும் பங்கு, போக மீதித் தொகை. உள்ளே பணம். பழைய உறைகளில் சுற்றிய ரப்பர் பேண்டு இளகி, காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டால் எண் உபயோகத்தில் இல்லை. புத்தகத்தில் முகவரி இல்லை. அச்சகத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. ஒருமுறை அச்சகத்திலேயே விசாரித்தேன். "எங்களுக்கும் பாக்கி இருக்கு சார், ஆளைக் கண்டுபிடிச்சா சொல்லுங்க" என்றார்கள். அந்தப் பதிவை எழுதியவரின் உறையும் இந்தப் பதினொன்றில் ஒன்று. நான்கு பிரதிகள் விற்றிருக்கின்றன.

அவர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமை மாலை, பில் போட ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரம். இரண்டு பைகளில் 20 பிரதிகள். எத்தனை பிரதி கொடுத்தார் என்று காட்டும் சலான் இல்லை. "எந்தத் தட்டில் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்தார். சிறுகதைத் தட்டு அவர் முதுகுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. "முன்னால், கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்" என்றார். நான் அடுத்த பில்லை முடித்துத் திரும்புவதற்குள், முன் மேசையில் இருந்த இன்னொரு புதியவரின் புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை அடுக்கிவிட்டார். அப்படித் தள்ளப்பட்ட புத்தகத்தை எழுதியவர் இரண்டு வருடமாக எங்களிடம் வாங்கிப் படிப்பவர். எந்த வாசகருக்கு அவர் கதை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆள் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். சலுகை எதுவும் இல்லை, பழகியதால் வந்தது அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். புத்தகத்தோடு வருவதற்கு முன் ஒருமுறை வெறுங்கையோடு வாருங்கள். கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்து வாருங்கள். உங்கள் புத்தகம் எந்தத் தட்டில், எந்தப் புத்தகங்களுக்கு நடுவே நிற்கும் என்று பாருங்கள். அங்கே புத்தகத்தின் முதுகு மட்டும்தான் வெளியே தெரியும். முதுகில் தலைப்பே அச்சிடாமல் வரும் புத்தகத்தை நானே தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்னும் 13 இலக்கப் புத்தக அடையாள எண்ணும் பார்கோடும் இருந்தால் ஸ்கேன் செய்து இருப்பில் ஏற்றிவிடுவோம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தலைப்பைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓரெழுத்து மாறினால் கணக்கும் மாறிவிடும். உங்கள் பணம் காணாமல் போகிற இடங்களில் அதுவும் ஒன்று.

அப்புறம், 20 பிரதிகள் வேண்டாம். ஐந்து போதும், தீர்ந்தால் நானே கூப்பிடுகிறேன். கூடவே ஒரு தாள்: எத்தனை பிரதி, எத்தனை சதவீதம் கழிவு, எப்போது கணக்குப் பார்ப்பது, விற்காததை எப்போது திரும்ப எடுத்துக்கொள்வீர்கள், மாறாத ஒரு தொலைபேசி எண். இருவரும் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆகாது. 35, 40 சதவீதக் கழிவு என்றதும் முகம் சுளிப்பவர்கள், வாடகையும் மின்கட்டணமும் யார் தலையில் விழுகின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

வெளியீட்டு விழா அழைப்பிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையில் உங்கள் புத்தகம் இருக்கும்போதே, "வாங்க" என்று ஓர் இணையக் கடையின் இணைப்பை மட்டும் போடுகிறீர்கள். போன மாதம் ஒரு பெண் நின்றபடியே உங்களில் ஒருவரின் புத்தகத்தில் நான்கு பக்கம் படித்தார். பிறகு நின்ற இடத்திலேயே கைப்பேசியை எடுத்து அதே புத்தகத்தை அந்த இணையக் கடையில் ஆர்டர் செய்துவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இணைப்பைக் கொடுத்தது நீங்கள்தானே? பிரான்சில் சின்னப் புத்தகக் கடைகளைக் காக்க 1981-லேயே சட்டம் போட்டு, புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது என்றார்கள். இணையக் கடைகள் இலவசமாக அனுப்பிவைக்கக் கூடாது என்று 2014-இல் சொன்னபோது, அனுப்பும் கூலியாக ஒரே ஒரு சென்ட், அதாவது யூரோவில் நூறில் ஒரு பங்கு, போட்டுச் சட்டத்துக்கு மரியாதை செய்தார்கள் அந்தப் பெரிய மனிதர்கள்! 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டர்களுக்கு 3 யூரோ கூலி என்று அரசு கறாராக நிர்ணயிக்க 2023 ஆகிவிட்டது. சட்டத்துக்கே அந்தப் பாடு என்றால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான் எம்மாத்திரம்?

சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். கணக்குக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் கடைக்காரர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள். அவர்களிடம் ஏமாந்த உங்கள் கோபமும் நியாயமானதே. அந்தத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்வதும் அதனால்தான்.

ஆகவே மறுபடியும் பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன். முதல் தடவை வெறுங்கையோடு வாருங்கள். புத்தகம் எதுவும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பதிவை எழுதியவரும் வரட்டும். நான்கு பிரதிகளுக்கான பணம் உறையில் இருக்கிறது. மீதி 16 பிரதிகள் மாடிப்படிக்குக் கீழே, ஈரம் படாமல் பலகைமேல் இருக்கின்றன. எடுத்துப்போகப் பை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களையும் விற்க விரும்பும் ஒரு கடைக்காரன்