கீமேப்புக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

மையத்தின் கணினிக் குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் சர்வரைப் புதுப்பித்தீர்கள். வேகம் கூடியிருக்கிறது, நன்றி. ஆனால் நாங்கள் எழுதப் பயன்படுத்திய விம் என்ற எடிட்டரை எடுத்துவிட்டு, அதன் வசதி குறைந்த சிறு வடிவமான விம் டைனியை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? பழைய விம்மைத் திரும்பப் போட்டுத் தாருங்கள். கேட்பது இவ்வளவுதான்.

பதிப்பு விவரத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கில விசையைத் தட்டினால் தமிழ் எழுத்து வரச்செய்யும் வசதிக்குக் கீமேப் என்று பெயர்; அந்தச் சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி நிற்கும். நிரலைக் கம்பைல் செய்து உருவாக்கும்போதே அந்த வசதியை விட்டுவிட்டார்கள் என்று பொருள். செட்டிங்கில் எதை மாற்றினாலும் வராது. விம்மோடு வரும் தமிழ் கீமேப் டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்துக்கானது என்பதால், இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடுக்கு 247 எழுத்துக்கும் நானே ஒரு கோப்பு எழுதி வைத்திருந்தேன். இப்போது அதைப் போடச் சொன்னால் டைனி பிழைச்செய்திகூடக் காட்டுவதில்லை. காதில் விழாதது போல் இருந்துவிடுகிறது.

"விண்டோஸ் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் உங்களில் ஒருவர். சரி, மாற்றினோம். சனிக்கிழமை வகுப்புக்குச் செந்தூலிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வருகிறார். ஒரு வரியை அழிக்க, எழுதுவதிலிருந்து கட்டளைக்கு மாற்றும் எஸ்கேப் அழுத்தி, டி விசையை இரண்டு முறை தட்டினார். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அந்த விசை உ. விம்முக்குப் போன கட்டளை 'உஉ'. அது என்ன செய்யும், பாவம்! ஆங்கிலத்துக்கு மாறி அழித்து, தமிழுக்கு வந்து எழுதி, மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்... அரைப் பக்கம் தாண்டவில்லை. "இதுக்கு நோட்டுப் புத்தகமே தேவலாம் தம்பி" என்று எழுந்துவிட்டார். கீமேப் இருந்தால் எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம். கீபோர்டைத் தொடவே வேண்டாம்.

டைனி போட்டால் இடம் மிச்சம் என்றீர்கள். அதே டிஸ்க்கில் பழைய தீபாவளி விருந்து வீடியோ மூன்று பிரதி கிடக்கிறது, அதற்கு மட்டும் இடமிருக்கிறது. எங்கே சிக்கனம் என்றாலும் முதலில் கைவைப்பது தமிழில்தான். நம் மண்டபப் பதாகையிலேயே கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். மன்னிக்கவும், அது உங்கள் வேலை இல்லை.

முழு விம்மை நிறுவ 'ஆப்ட் இன்ஸ்டால் விம்' என்று ஒரே வரிக் கட்டளை போதும். நீங்களே கம்பைல் செய்வதானாலும் வசதித் தொகுப்பை நார்மல் என்று கொடுத்தாலே கீமேப் வந்துவிடும், எல்லாம் அடங்கிய ஹியூஜ் தொகுப்பைக் கேட்கவில்லை. தயவுசெய்து வரும் சனிக்கிழமைக்குள் போட்டுத் தாருங்கள். டீச்சருக்குப் போன் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு நடத்துபவன்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்