எங்கள் பழைய கவாசாகி ஓடியது: நன்றி

டர்பனின் சாட்ஸ்வொர்த் உறவுகளுக்கும், பந்தயத்துக்காகப் போர்ட் ஷெப்ஸ்டன் வரை வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள டெஸி ரேஸ்வே பந்தயத் தடத்தில் என் தங்கை எங்கள் கவாசாகி இசட்-1 மோட்டார் சைக்கிளை 402 மீட்டர், அதாவது கால் மைல் நேர்ப் பந்தயத்தில் ஓட்டினாள். 10.9 விநாடி! 1972இல் 903 சி.சி.யும் 82 குதிரைத்திறனுமாக வெளிவந்த மாடல் அது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதன் என்ஜின் இறுகிக் கிடந்தது. அதை எழுப்பியவர்களின் பெயர்களை ஊரறியச் சொல்ல ஆசைப்பட்டேன். பெயர் போடக் கூடாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் கூப்பிடும் முறையிலேயே சொல்கிறேன்.

முதலில் லேத் தாத்தா. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். இசட்-1இல் அது துண்டு துண்டாக அழுத்திப் பொருத்தப்பட்டது. சாலைக்கு அது தாராளம். பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சை விட்டு, பின் டயர் தரையைக் கவ்வும் அந்த நொடியில் துண்டுகள் இடம் திரும்பிவிடும். பிறகு பேரிங் தாங்காது. அதனால் கிராங்கை நேராக்கி, துண்டுகளை இணைக்கும் பின்களை வெல்டிங் வைத்துப் பூட்ட வேண்டும். ஒரு மாலை வேலை என்று நான் நினைத்தேன். தாத்தா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

கிராங்கை வி-பிளாக் என்ற பள்ளமுள்ள தாங்கிகளில் கிடத்தி, நுண்ணிய கோணலையும் ஊசியால் காட்டும் டயல் கேஜின் முனையை அதன்மேல் வைத்து, சுண்டுவிரலால் மெல்ல உருட்டுவார். ஊசி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்பது பங்கு ஆடியது. சாக்பீஸால் ஒரு கோடு, செம்புச் சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி உருட்டல். நூற்றில் மூன்றுக்கு வந்த அன்று, “போதும் தாத்தா” என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “உன் தங்கைதானே இதன்மேல் உட்காரப் போகிறாள்?” என்றார். இரண்டில் ஊசி நின்ற பிறகுதான் வெல்டிங் மாமாவை வரச் சொன்னார். அது 2023. மாமா மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து இரவு பத்து மணிக்கு மேல் வந்தார். சூட்டில் கிராங்க் வளையாமலிருக்க, இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு வேலை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அத்தை தன் சமையலறையையே தந்தார். சிலிண்டரில் பிஸ்டன் ஓடும் உள்குழாயான லைனரைப் புதிதாக இறக்க, அலுமினிய பிளாக்கை ஓவனில் சுடவைத்தோம். இரும்பு லைனர்களை ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தோம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். நான்கு லைனர்களும் சுத்தி படாமல், கிணற்றில் கல் விழுவது போல இறங்கின. வீடெங்கும் எண்ணெய் வாடை. அத்தை ஒரு சொல் சொல்லவில்லை. புரட்டாசி விரதத்திலும் ஞாயிறன்று எங்கள் எல்லோருக்கும் பீன்ஸ் கறியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்தார்.

என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் இந்தக் கார்புரேட்டர்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தவை. 1,700 மீட்டருக்கு மேல் உள்ள அந்த ஊரின் மெல்லிய காற்றுக்கு ஏற்ற சிறிய ஜெட்டுகளே, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளே, அவற்றில் இருந்தன. கடலோரத்துக் காற்று கனமானது; அதற்கு அந்தப் பெட்ரோல் போதாது. நான் மாற்றாமல் முடுக்கினேன். ஒரு பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. கார்புரேட்டர் அண்ணன் திட்டவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில் தந்து, “பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது பார், அது உன்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஞாயிறன்று இன்னும் ஓர் அளவு பெரிய ஜெட் தேவைப்பட்டது, எங்களிடம் இல்லை. அடுத்த சுற்றில் தங்கைக்கு எதிராக ஓட வேண்டியவர் தன் பெட்டியைத் திறந்து நான்கு எடுத்துத் தந்தார். ஐயா, அந்தச் சுற்றில் நீங்கள் தோற்றீர்கள். தோற்றதும் ஹெல்மெட்டைக் கழற்றி, முதல் ஆளாகத் தங்கையின் கையைக் குலுக்கினீர்கள். எங்கள் வீட்டில் இன்றும் அதே பேச்சுதான்.

பழைய வண்டியை இப்படி மாற்றலாமா என்று கேட்ட பெரியவர்களுக்கு: அதோடு வந்த பழைய கேம்களையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) ஏர் ஃபில்டர் பெட்டியையும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தாத்தா, உங்கள் டயல் கேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன். வண்டியையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஞாயிறன்று முழங்கால் வலியால் நீங்கள் வர முடியவில்லை. உங்கள் பட்டறை வாசலிலேயே நீங்கள் அதைக் கிளப்ப வேண்டும்.