ஸ்டூல்மேல் அடுக்கிய வேட்டிக்கட்டு: குமரி மாவட்ட வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை உள்ள வணிகர் சங்க, சிறுதொழில் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம். மாறிவரும் தொழிலாளர் சட்டங்களை உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூட்டம் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தக்கலைப் பக்கம் இருபது வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் நான். சில கடைகள், இரண்டு அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), ஒரு செங்கல் சூளை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவது, பதிவேடு எழுதுவது, ஆய்வாளர் வந்தால் முதலாளிக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிவது எல்லாம் என் வேலை.

போன மாதம் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்கு எதிரே நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிடந்தது. மேலே வேட்டிக்கட்டு. ஜாக்கெட் துணிப் பக்கம் நின்ற பெண் ஒரு காலைத் தூக்கிச் செருப்பிலிருந்து விடுவித்து, கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காலை மாற்றிக்கொண்டிருந்தாள். "இந்த ஸ்டூல் எதுக்கு அண்ணாச்சி?" என்றேன். "யாரோ வாங்கிப் போடணும்னு சொன்னாங்க, வாங்கிட்டேன். எதுக்குன்னு தெரியல" என்றார்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அந்தப் பெண் முன்பு திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவள், அவளுக்கு இது தெரியும். முதலாளிக்குத்தான் தெரியவில்லை. அவர் ஈரமில்லாத மனிதர் அல்ல. விஷயத்தைச் சொன்னதும் வேட்டிக்கட்டைத் தானே இறக்கினார்.

ஒரு ஸ்டூலுக்கே இந்தக் கதி என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை என்ன சொல்ல? பழைய மத்தியச் சட்டங்கள் 29 அதற்குள் அடங்கிவிட்டன. "அப்போ பழசெல்லாம் போச்சா?" என்று ஒருவர் சந்தோஷமாகவே கேட்டார். போகவில்லை. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கிறது.

நம் ஊரில் அதிகம் இடிக்கப்போவது சம்பளத்தைப் பிரித்து எழுதும் பழக்கம். பதினாறாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு அடிப்படைச் சம்பளம் ஆறாயிரம், மிச்சம் பத்தாயிரம் வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று எழுதுவோம். நானும் அப்படி எழுதியவன்தான், மறைக்கவில்லை. இப்போது இந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்கில் சேரும். பத்தாயிரத்தில் எட்டாயிரம் போக மீதி இரண்டாயிரம் சேர்ந்து, சம்பளம் எட்டாயிரம். பத்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது கொடுக்கவேண்டிய பணிக்கொடையை (கிராச்சுட்டி) ஆறாயிரத்தை வைத்துப் போட்டால் 34,615 ரூபாய், எட்டாயிரத்தை வைத்துப் போட்டால் 46,154. ஒரு ஆளுக்கே பதினோராயிரத்துக்கு மேல் வித்தியாசம். ஆள் விலகும் அன்று இது தெரியவந்தால் முதலாளிக்கும் கஷ்டம், எனக்கும் திட்டு.

விலகுவது என்றதும் இன்னொன்று. விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் துபாய் என்று சொல்லி நிற்கும் பையனிடம், "கணக்கை அடுத்த மாசம் பாத்துக்கலாம், போயிட்டு வா மக்கா" என்று அனுப்புவது நமக்குப் பழக்கம். புதிய ஊதியச் சட்டத்தில் அவன் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்த ஆளுக்கு, ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு. சீசனுக்கு ஆள் கூட்டிக் குறைக்கிற தொழில்காரர்கள் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படிக்கவேண்டும்.

இதையெல்லாம் யார் சொல்வது? பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து நடத்துகிறவருக்குச் சங்கம்தான். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலோ காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும்தான் வருகின்றன. மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி வருடாவருடம் ஏப்ரல் 1-ல் மாறுகிறது. தேதி தெரிந்த மாற்றம். அதைக்கூட யாரும் போட்டதில்லை. ஆகஸ்டில்தான் எனக்கு போன் வரும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு கூட்டம், தீபாவளி போனஸ் கணக்குக்கு முன்னால் ஒரு கூட்டம். சட்டம் ஒரு நாள் வரும், அதன் விதிகள் இன்னொரு நாள் வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில், தமிழில், கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி அச்சடித்துக் கொடுங்கள். தொழிலாளர் துறை அதிகாரியையும் கூப்பிடுங்கள். புதிய சட்டத்தில் ஆய்வாளர் என்ற பெயரோடு உதவி செய்பவர் என்றும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஆலோசனை சொல்வதும் அவர் பொறுப்பு. சோதனைக்கு வருமுன் அவரை நாமே வரவழைத்துக் கேட்பதில் என்ன கூச்சம்? அப்புறம், கூட்டத்தில் கடை ஊழியர்களுக்கும் இரண்டு வரிசை ஒதுக்குங்கள். அவர்களுக்குத் தெரிந்தால் நமக்கு வம்பு என்று நினைக்கிறவர்கள் அந்த ஸ்டூல் கதையை இன்னொருமுறை படித்துக்கொள்ளட்டும்.

முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோதாக இருக்கும். வருகிறவர்கள் போன மாதச் சம்பளப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு கணக்கர்