கோவை லேத், வார்ப்படப் பட்டறைகளுக்குக் கூட்டுப் பழகுநர் பயிற்சி வேண்டி மனு

அனுப்புநர்:
ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி வட்டார லேத், சிஎன்சி, வார்ப்படப் பட்டறை உரிமையாளர்கள்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: குறுந்தொழில் பட்டறைகளில் பயிற்சி பெற்ற ஆட்கள் பற்றாக்குறை – பல பட்டறைகள் சேர்ந்து பழகுநர்களுக்கு (அப்ரண்டிஸ்) பயிற்சி தர அனுமதியும் ஏற்பாடும் செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர், ஜவுளி இயந்திரம் ஆகியவற்றுக்கு உதிரிபாகங்களைக் கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளை நாங்கள் நடத்தி வருகிறோம். இரண்டு மூன்று லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், கடன் வாங்கிப் போட்ட ஒரு சிஎன்சி (கணினி வழி இயங்கும் மெஷின்). எங்களில் பலரிடம் இருப்பது இவ்வளவுதான். 2022 செப்டம்பரில் ஏறிய மின்கட்டணம், அதற்கு முன் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்து உயர்ந்துவிட்ட நிலைக்கட்டணம், 45 நாளில் வர வேண்டிய பில் பணம் மாதக்கணக்கில் நிற்பது என்று குறைகள் நிறைய உண்டு. அவற்றைத் தனியே முறையிட்டு வருகிறோம். இந்த மனு ஆள் பற்றாக்குறைக்காக மட்டும்.

தொழில் படுத்துவிட்டது என்று புலம்ப நாங்கள் வரவில்லை. நெருக்கடி இருப்பது உண்மை. 2022 ஜூலையில் பம்புக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து வரும் பம்புகள் விலையில் எங்களை நெருக்குகின்றன. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதி செய்பவர்களின் கலக்கம் அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் எங்கள் வரை வந்தது. ஆனாலும் வேலை இருக்கிறது. கோடைக்கு முன்பு பம்ப் ஆர்டர் வழக்கம்போல் வருகிறது. பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு மையம். வாரப்பட்டியில் அதற்கெனத் தொழிற்பூங்கா வருகிறது. மின்வாகன உதிரிபாகங்களுக்கும் விசாரிக்கிறார்கள். இப்படி வரும் புது வேலைகளில் அளவு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். அந்த அளவில் பொருளை எடுத்துத் தரும் கைகள் எங்களிடம் குறைந்துகொண்டே போகின்றன. ஆள் இல்லாமல் ஆர்டரைத் திருப்பி அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு சின்ன வேலையைச் சொல்கிறோம். 6205 என்ற பேரிங் உட்காரும் மோட்டார் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பேரிங்கின் வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். அது உட்காரும் துளையை எச்7 என்ற வழக்கமான துல்லிய அளவில் கேட்டால், 52-க்கு மேல் 30 மைக்ரான் வரைதான் போகலாம். அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் மூன்று பங்கு. சிஎன்சியில் புரோகிராமைப் போட்டுப் பட்டனை அழுத்துவது சில நாளில் வந்துவிடும். ஆனால் காஸ்டிங்கை (வார்த்தெடுத்த பொருளை) கடைந்து கடைந்து, வெட்டும் முனையான இன்சர்ட் தேயும்போது துளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வரும். துளையின் அளவு பார்க்கும் போர் கேஜை அவ்வப்போது விட்டுப் பார்த்து, மெஷினில் டூல் நிற்கும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைச் சரியாக மாற்றிக்கொடுப்பவர்தான் ஆபரேட்டர். பார்க்காமல் விட்டால் பேரிங் இறுகி மோட்டார் சூடாகும். பயந்துபோய் அதிகமாகத் திருத்தினாலோ துளை பெரிதாகி பேரிங்கின் வெளிவளையம் கவருக்குள்ளேயே சுற்றும். இரண்டிலும் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகும். அந்த நஷ்டம் கம்பெனிக்கு அல்ல, ஜாப் ஒர்க் செய்த எங்களுக்கு. உலோகத்தை உருக்கி மண் அச்சில் ஊற்றும் வார்ப்படத்திலும் இதே கதைதான். மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தே ஈரம் சரியா என்று சொல்லும், அச்சு எடுக்கும் மோல்டர்கள் அறுபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் சிலரே.

முன்பெல்லாம் ஊரிலிருந்து வரும் பையன்கள் பட்டறையைக் கூட்டித் துடைத்து, டூல் தீட்டி, கூடவே நின்று பார்த்துப் பார்த்தே டர்னர் ஆனார்கள். எங்களிலேயே பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். இன்று அந்த வயதுப் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அதுதான் சரி, பழைய முறை திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வேறு எந்த வழியும் வரவில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் தம்பிகள்தான் இன்று பட்டறைகளைத் தாங்குகிறார்கள். அவர்களும் தொழில் கற்றுத் தேறும் நேரத்தில் ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போய், அங்கேயே வேறு வேலை கிடைத்துத் தங்கிவிடுகிறார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய் வீடியோக்களால் ஊர் திரும்பியவர்களும் உண்டு.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம்போல் சேர்க்கலாம். அதற்கும் கீழே உள்ள பட்டறைக்கு வாய்ப்பே இல்லை. தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. அதுவும் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளோடு நின்றுவிடுகிறது. போர்ட்டலில் பதிவு, ஒப்பந்தம், மாதாந்திரப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்க அங்கே தனி ஆள் உண்டு. இங்கே லேத்தில் நிற்பவரே பில்லும் போடுகிறார். ஆனால் பல முதலாளிகள் சேர்ந்து, தாங்களாகவோ ஒப்புதல் பெற்ற ஒரு முகமை வழியாகவோ பழகுநர்களுக்குப் பயிற்சி தரலாம் என்று அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் பிரிவு இதுதான். எங்கள் வட்டாரத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவர உதவுங்கள் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தின் மேற்பார்வையில் ஆவாரம்பாளையம், கணபதி பட்டறைகளை ஒரு தொகுப்பாகப் பதிவு செய்யலாம். ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபவுண்டரிமேன் படித்த பிள்ளை சில மாதம் ஒரு பட்டறையில் சாதா லேத்தும், அடுத்து வேறொன்றில் சிஎன்சி செட்டிங்கும், பிறகு ஒரு வார்ப்படத்தில் மோல்டிங்கும் கற்கட்டும். எங்கள் பங்கு உதவித்தொகையை நாங்கள் மாதம் தவறாமல் பகிர்ந்து கொடுக்கிறோம். பதிவேடுகளைக் கவனிக்க ஒரு முகமையை ஒப்புதல் தந்து அமைத்துக் கொடுத்தால் போதும். பழகுநர்களுக்கு விபத்துக் காப்பீடு இல்லாமல் எந்தப் பட்டறையும் சேர்க்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவரை உலை அருகில் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளை நீங்களே விதியுங்கள். மனமார ஏற்கிறோம்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை சில. டாடா டெக்னாலஜிஸ் உதவியோடு அரசு ஐடிஐகளில் புது இயந்திரங்கள் வந்திருக்கின்றன. வகுப்பு முடிந்தபின் மாலையில் எங்கள் பழைய ஆட்களுக்கும் அவற்றில் பயிற்சி கொடுக்கலாம். மூத்த டர்னர், மோல்டர்களிடம் சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒதுக்காமல், மதிப்பூதியம் கொடுத்து வருகைப் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். அவர்கள் ஓய்வு பெற்றுப் போனால் அந்தக் கைப்பக்குவமும் போய்விடும். அப்புறம், பெண்கள். அளவு பார்ப்பது, சிஎன்சி, மோட்டார் வைண்டிங் வேலைகளில் அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் மாலை ஷிப்ட் முடிந்து போக பஸ் இல்லை என்றுதான் பலர் வருவதில்லை. கணபதி, சின்னவேடம்பட்டி வழித்தடங்களில் இரவு 9 மணிக்கு மேல் கூடுதல் பேருந்தும், இந்தப் பக்கமாக வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி ஒன்றும் கிடைத்தால் அந்தத் தடை நீங்கும். வெளியூர்ப் பழகுநர்களுக்கும் தங்குமிடம் வேண்டும். வாடகை கொடுத்துத் தங்கினால் உதவித்தொகையில் மிச்சம் எதுவும் நிற்காது.

எனவே மாவட்டத் திறன் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மனுவை எடுத்துக்கொண்டு, மாவட்டத் தொழில் மையம், திறன் பயிற்சி அலுவலகம், ஐடிஐ முதல்வர்கள் ஆகியோருடன் எங்கள் தரப்பில் சிலரும் உட்கார்ந்து பேச அனுமதி தருமாறு வேண்டுகிறோம். அதற்கு முன் ஒருநாள் தாங்கள் நேரில் வந்து எங்கள் பட்டறைகளைப் பார்த்தால் மிகவும் மகிழ்வோம். வரும் ஐடிஐ தேர்வு முடிவுகளுக்குள் தொகுப்பு பதிவாகிவிட்டால், இந்த ஆண்டு தேறும் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ள முடியும். பழகுநர்களை ஏற்கச் சம்மதித்த பட்டறைகளின் பட்டியலும் குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி வட்டாரப் பட்டறை உரிமையாளர்கள்

இடம்: கோயம்புத்தூர்