அக்கம்பக்கம் விசாரித்தல்

கொழிஞ்சாம்பாறை
ஆடி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கரன்ட் போகிறது, இல்லையென்றால் யாராவது ‘டீச்சர், புஸ்தகம்’ என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். இந்த வருஷம் ஆடிக் காற்று ரொம்ப மூர்க்கம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்றெல்லாம் நேராக எங்கள் வாயனசாலைக்குத்தான் வருகிறதோ என்று தோன்றும். மேசையில் கல் வைக்காவிட்டால் ஒரு பேப்பரும் நிற்காது. (வாயனசாலை என்று எழுதிவிட்டேன் பார். வாசகசாலையைத்தான் சொல்கிறேன். பதினெட்டு வருஷத்தில் ஒட்டிக்கொண்ட சொல், இனி போகாது.)

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ‘தகவல் தேடும் திறன்’ எடுக்கச் சொல்லி உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ‘நீதான் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறாயே, கையில் இருப்பதையெல்லாம் அனுப்பு’ என்றும் கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் முதலில் என் அசட்டுத்தனத்தைக் கேட்டுக்கொள்.

ஆரம்பத்தில் நானும் உன்னைப் போலத்தான் ஒரு பட்டியலைத் தேடி ஓடினேன். கலிஃபோர்னியாவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் 2004-ல் உருவாக்கிய ஒரு சோதனைப் பட்டியல் கிடைத்தது. உலகம் முழுக்க நூலகர்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பக்கம் புதிதா, நம் கேள்விக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், சொல்வது சரியா, எந்த நோக்கத்தில் எழுதியது என்று ஐந்து கேள்விகள். தமிழாக்கி, ஜெராக்ஸ் எடுத்து, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கூடவே அமெரிக்க ‘மரத்து ஆக்டோபஸ்’ பக்கத்தையும் காட்டினேன். காட்டு மரங்களில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள் என்று 1998-ல் ஒருவர் வேடிக்கைக்குச் செய்து வைத்த பக்கம் அது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் காட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லோரும் நம்பிவிட்டார்களாம். என் பிள்ளைகளிடம் பட்டியல் இருக்கிறதே, அதனால் ஏமாற மாட்டார்கள் என்று நினைத்தேன். ஐந்துக்கு ஐந்தும் டிக் போட்டுக் கொடுத்தார்கள். படம் இருக்கிறது, அறிவியல் பெயர் இருக்கிறது, நோக்கமோ பிராணியைக் காப்பது. இதைவிட நல்ல நோக்கம் உண்டா டீச்சர் என்று ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

கோளாறு பட்டியலில்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்தப் பக்கத்தின் யோக்கியதையை அந்தப் பக்கத்திடமே கேட்கச் சொல்லிவிட்டேன். நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடமே போய் ‘உங்கள் பையன் நல்லவனா’ என்றா கேட்போம்? தெருமுனை டீக்கடையில் கேட்போம், வேலை செய்கிற இடத்தில் ஆள் விட்டுக் கேட்போம், அந்த ஊரில் கட்டிக்கொடுத்த ஒன்றுவிட்ட சித்தியிடம் கேட்போம். ஜாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் இதையே ஆராய்ந்து 2017-ல் எழுதினார்கள். மொத்தம் 45 பேர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10, செய்தி சரிபார்ப்பவர்கள் 10, அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25. எல்லோரையும் அறிமுகமில்லாத தளங்களைப் பார்க்கவைத்தார்கள். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழுமாகப் படித்து, முத்திரையையும் முகவரியையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், வேறு ஜன்னல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் நான் ‘அக்கம்பக்கம் விசாரிப்பது’ என்றே சொல்கிறேன். விளக்கமே தேவைப்படவில்லை. பிளஸ் ஒன் பெண்களுக்கு வீட்டில் அக்கா கல்யாணப் பேச்சு நடக்கும், நன்றாகவே தெரியும்.

எனவே முதல் சரக்கு இதுதான். அந்த ஸ்டான்ஃபோர்டு குழு இப்போது டிஜிட்டல் இன்குவைரி குரூப் என்று தனியாக இயங்குகிறது. பாடத் திட்டம், பயிற்சித் தாள், வீடியோ எல்லாம் இலவசம். எடுத்துக்காட்டுகள் முழுக்க அமெரிக்கச் சமாசாரம். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள். மைக் கால்ஃபீல்டு என்பவர் 2019-ல் சொன்ன நான்கு படிகளும் கைக்கு அடக்கமாக இருக்கும். நில், சொல்பவர் யார் என்று விசாரி, இன்னும் நல்ல செய்தி எங்கே இருக்கிறது என்று பார், பேச்சு முதலில் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போ. நான் இதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் சொல்லைப் படித்துவிட்டு ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

அப்புறம், நூலகர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அமெரிக்கக் கல்லூரி நூலகச் சங்கம் தகவல் தேடும் திறனுக்கு வகுத்த சட்டகம். 2000-ல் வைத்திருந்த விதிகளை 2016-ல் விலக்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஆறு கருத்துகளை வைத்தார்கள். கல்லூரிக்கு இது உனக்குப் பயன்படும், ஆனால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அப்படியே கொடுத்துவிடாதே. நான் போட்டேன். முதல் கருத்தில் வருகிற ‘அத்தாரிட்டி’ என்ற சொல்லுக்கு அது ‘அதிகாரம்’ என்று கொடுத்தது. பிள்ளைகள் கலெக்டர், தாசில்தார், மந்திரி என்று வரிசையாக எழுதினார்கள்! கேட்டது வேறு: இந்த விஷயத்தில் யார் சொன்னால் எடுபடும், ஏன்? தென்னைக்கு வண்டு அடித்தால் தாசில்தாரிடமா போகிறோம்? இந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகுதான் வகுப்பு ஓடியது.

‘தேடுவதும் ஓர் உத்தி’ என்பது அந்த ஆறில் இன்னொன்று. அதற்கு எங்கள் தாலுகாவின் பெயரே பாடம். ‘சித்தூர் வரலாறு’ என்று தேடினால் ஆந்திரத்துச் சித்தூர் வரும், ராஜஸ்தானத்துக் கோட்டை வரும், எங்கள் சித்தூர் எங்கோ கீழே கிடக்கும். பாலக்காடு என்று சேர்த்தால் கொஞ்சம் மேலே வரும். மலையாள எழுத்தில் அடித்தால் முன்னால் வந்து நிற்கும். எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம், கொங்கன் படை விழா எல்லாம் அப்போதுதான் கிடைத்தன. கொங்கு அரசனின் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் விழா அது. கொங்குத் தமிழ் பேசுகிற பிள்ளைகள் உட்கார்ந்து அதைப் பற்றிப் புராஜெக்ட் எழுதுகிறார்கள், என்ன சொல்ல!

அந்தப் புராஜெக்டில்தான் இன்னொரு கூத்து. ஒரு பையன் நோட்டு நிறைய அழகான கையெழுத்தில் எழுதி வந்தான். ஒவ்வொரு தலைப்புக்குப் பின்னாலும் ‘தொகு’ என்று இருந்தது. வரலாறு தொகு. விழாக்கள் தொகு. தமிழ் விக்கிப்பீடியாவில் தலைப்புக்குப் பக்கத்தில் திருத்துவதற்காக வைத்திருக்கும் பொத்தானையும் சேர்த்துப் பக்தியோடு எழுதியிருக்கிறான். திட்டவில்லை. அந்தப் பக்கத்தையே திறந்து, அடிக்குறிப்பைத் தொடர்ந்து போகவும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பார்க்கவும் காட்டினேன். விக்கிப்பீடியாவை நம்பாதே என்று சொல்லும் வாத்தியார்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. யார் கைவைத்தார்கள் என்று வெளிப்படையாகக் காட்டுகிற வேறு எந்தப் புத்தகத்தை நாம் அலமாரியில் வைத்திருக்கிறோம்?

இன்னொருத்தி செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டு, கொங்கன் படை பற்றி மூன்று நூல்கள், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கொண்டுவந்தாள். மூன்றையும் தேடினோம். நூலகப் பட்டியல்களில் இல்லை, அந்தப் பதிப்பகத்தின் பட்டியலிலும் இல்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அன்றைக்கு வகுப்பு தானாக நடந்தது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த வகுப்பைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ஆழியாறு தண்ணீர். இங்கே யாரைத் தொட்டாலும் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் மாமன் வீடு. அங்கே வருகிற பேப்பர் ‘கேரளாவுக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்று’ என்கிறது, இங்கே வருவது ‘தமிழ்நாடு தரவில்லை’ என்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்தேன். யார் பொய் சொல்வது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாநிலமும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தையே தேடி எடுக்கச் சொன்னேன். 1970 மே மாதம் கையெழுத்தானது, ஆனால் 1958 நவம்பரிலிருந்து நடைமுறை. மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும். டி.எம்.சி. என்றால் என்ன என்று அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நூறு கோடி கன அடி. ஒரு பையன் பேப்பரில் வந்த கணக்கையெல்லாம் ஜனவரியிலிருந்து கூட்டி, ‘பாதிகூட வரவில்லை டீச்சர்’ என்று கொதித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒப்பந்தத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, ‘டேய், இங்க வருஷம் ஜூலை ஒண்ணுலதான் தொடங்குது’ என்றாள். ஜூலை முதல் ஜூன் வரை. அவன் கணக்கு கவிழ்ந்தது. ஆனால் வசந்தி, அதனால் கேரளத்துக் குறை பொய் என்றும் ஆகவில்லை. மொத்தக் கணக்கில் வந்தாலும், நடவுக்கு வேண்டிய மாதத்தில் வராவிட்டால் வயலுக்கு அது வந்ததாகாது. அதைச் சொன்னவர் ஒரு பையனின் அப்பா. வண்டியில் கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். ஒரு மணி நேரம் பேசினார். யார் சொன்னால் எடுபடும் என்ற கேள்விக்கு அன்று இரண்டு விடை கிடைத்தது: ஒப்பந்தத் தாள் ஒன்று, அவர் ஒன்று.

எல்லையில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி. ஒரே சங்கதி இரண்டு மொழியில் இரண்டு விதமாக வரும் என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். உனக்கு அந்த வசதி இல்லை. ஆனால் உங்கள் ஊரிலும் ஒரு குளமோ கோயில் நிலமோ பைபாஸ் சாலையோ வழக்கில் இருக்கும். அதை எடுத்துக்கொள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோ 2021-ல் புதுப்பித்த ஊடக, தகவல் அறிவுப் பாடத்திட்டம் இலவசம், மிகப் பெரியது, ஆசிரியர்களுக்கானது. உனக்கு வேண்டிய இரண்டு பகுதியை மட்டும் படி. கோரா (CORA, கேள்வி-பதில் தளமான Quora இல்லை) என்று நூலகர்கள் தங்கள் பயிற்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் தளம் ஒன்று உண்டு, வகுப்புக்குப் போகும் முதல்நாள் இரவு கைகொடுக்கும். கரோல் குல்தாவ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆறு கட்டங்களைக் கட்டாயம் படி. தேடத் தொடங்கும் பிள்ளை முதலில் தயங்கும், தலைப்பு முடிவானதும் உற்சாகமாக இருக்கும், நடுவில் குழம்பி, இந்தத் தலைப்பே வேண்டாம் என்று அழும். அது இயல்பு என்று அவர் மாணவர்களோடு கூடவே இருந்து பார்த்துச் சொன்னார். அழுகிறவளைத் தலைப்பு மாற்ற விடாமல் இன்னும் ஒரு வாரம் பிடித்து வைப்பதுதான் நம் வேலையில் பாதி.

தமிழில் தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழந்தமிழ் நூல்களுக்கு 1998-லிருந்து ஓடும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், சென்னைப் பல்கலைக்கழக அகராதிக்குச் சிகாகோ பல்கலைக்கழகத் தளம். ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப் போ, சென்னைக்குப் போகிற செலவைக் கல்லூரியே கொடுக்கட்டும். கண்ணூர் மாவட்டத்தில் 2018-ல் அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்தினார்கள். தடுப்பூசி பற்றி வாட்ஸாப்பில் வந்த புரளிதான் அதற்குக் காரணம். அதைப் பற்றித் தேடிப் படித்துப் பார்.

உங்கள் பக்கம் 1948-லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது, சீர்காழிக்காரர் ரங்கநாதன் புண்ணியம், என்று நீ மார்தட்டுவாய். தட்டு. எங்கள் பக்கம் சட்டம் 1989-ல்தான் வந்தது. ஆனால் பி.என்.பணிக்கர் 1945-ல் 47 நூலகங்களை அம்பலப்புழையில் கூட்டிச் சங்கம் தொடங்கியபோது சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவர் மறைந்த ஜூன் 19 இங்கே வாசிப்பு நாள். அன்றைக்கு எங்கள் வாயனசாலையில் பிள்ளைகளே வகுப்பெடுத்தார்கள். ‘டேய்’ போட்ட அந்தப் பெண்தான் தலைமை.

ஒப்பந்த வகுப்புக்கு நான் தயாரித்த கேள்வித் தாள்களைத் தனிக் கவரில் போடுகிறேன். உன் கையெழுத்தில் மதுரையில் எழுதி வைத்திருந்தாயே, பட்டியலாக்கப் பயிற்சி நோட்டு, அது இருந்தால் எனக்கு வேண்டும். ஆவணி பிறந்ததும் பொள்ளாச்சி வருகிறாயா? கோபாலபுரம் செக்போஸ்ட் வரை பஸ் உண்டு, அங்கிருந்து நான் வண்டியில் கூட்டி வருகிறேன். மழைக்கோட்டு எடுத்து வா, எங்கள் பக்கம் மழை குறைவுதான், ஆனால் காற்றோடு வரும்.

அன்புடன்,
உன் மல்லிகா