அந்த ஊசிய இப்பப் போடாத மாப்ள

மாப்ள,

உன் கடுதாசி வந்து பத்து நாளாச்சு, பட்டில ஒரு பிரச்சன, அதான் லேட்டு. வெள்ளாடு செம்மறி ரெண்டுக்கும் சேத்து மாட்டு மினரல் மிக்சர் கை நெறைய போடறேன், குட்டிகளுக்கு செலினியம்ங்கற தாதுச்சத்து ஊசி இன்னொரு தடவ போடப்போறேன்னு எழுதியிருந்த பாரு, படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு.

எங்கிட்ட மூணு போச்சுடா. ரெண்டு செம்மறி, ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பக்கத்துல பன்னிப் பண்ணை வச்சிருக்கறவர் மிச்சத் தீவனத்த பாதி வெலைக்குக் குடுத்தாரு, ரெண்டு மாசமா அதத்தான் போட்டேன், அதுக்கு மேல மினரல் மிக்சர், பத்தாததுக்கு தாது உப்புக்கட்டி வேற கட்டித் தொங்கவிட்டேன். ஆடெல்லாம் பளபளன்னுதான் இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி செம மழை, நனைய நனைய எல்லாத்தையும் மேட்டுக்கு ஓட்டிட்டுப் போனோம், மறுநாள் செம்மறிக் கெடா தீனி எடுக்கல, கண்ணு இமைய வெலக்கிப் பாத்தா மஞ்சள், மூத்திரம் கடுங்காப்பி கலர்ல போகுது. நான் காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சு ஊத்திட்டு இருக்கேன் (சிரிக்காத). சாயங்காலம் போயிடுச்சு.

டாக்டர் வந்து அறுத்துப் பாத்தாரு. கிட்னி ரெண்டும் நாவப்பழம் மாதிரி கருநீலம். பாத்ததுமே "என்ன தீவனம் போட்ட"ன்னு கேட்டாரு. செம்பு ஓவராயிடுச்சாம், பன்னித் தீவனம், மினரல் மிக்சர், உப்புக்கட்டி மூணுலயும் அது இருக்குமாம். பன்னி வளர கிலோ தீவனத்துக்கு 125லேர்ந்து 250 மில்லிகிராம் வரைக்கும் செம்பு சேப்பாங்க, செம்மறிக்கு 15 தாண்டுனாலே ஆபத்து, வெள்ளாடு 40 வரைக்கும் தாங்கும், பால்குடிக் குட்டி அதுவும் தாங்காது. கல்லீரல் உண்டியல் மாதிரி சேத்துக்கிட்டே இருக்குமாம், வெளிய ஒண்ணும் தெரியாது, மழை, வண்டிப் பயணம், பட்டினின்னு ஏதாவது ஒரு அதிர்ச்சி வந்தா அத்தனையும் ரத்தத்துல கொட்டி செவப்பணுவெல்லாம் ஒடைஞ்சு மூத்திரத்துல எறங்கும். அதுக்கப்புறம் காப்பாத்தறது கஷ்டம். மிச்சம் இருக்கற ஆட்டுக்கு செம்ப வெளியேத்த அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் தயோசல்பேட்டும் அளந்து குடுத்திருக்காரு, தெனம் ஒவ்வொண்ணா புடிச்சு வாய்ல ஊத்தறதுக்குள்ள இடுப்பு போயிடுது.

உன் செலினியம் ஊசிக்கு வரேன். தேவ கிலோ தீவனத்துக்கு 0.1லேர்ந்து 0.3 மில்லிகிராம்தான், நாள்கணக்கா கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டிப் போனா முடி கொட்டும், குளம்பு கோணும். ஊசில அளவு தவறுனா அவ்ளோ நாள்கூட ஆகாது, மூச்சு வாங்கியே குட்டி செத்துரும். அதனால குட்டிய எடை போட்டுப் பாக்காம ஊசி போடாத, மொத தடவ எத்தன மில்லி போட்டன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டு அவர் சொன்னா போடு. அப்பறம் குளம்பு கழுவற மயில்துத்தத் தண்ணிய தொட்டியிலயே விட்டுட்டுப் போற பழக்கம் உனக்கு உண்டு, அதுவும் செம்புதான், வேல முடிஞ்சதும் ஆடு வாய் வைக்காத எடத்துல கொட்டிரு.

மினரல் மிக்சர் மூட்டைல பின்னாடி ஒட்டியிருக்கற லேபிள ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு, நாளைக்கு டாக்டர் வராரு, காட்டிட்டு போன் பண்றேன். அதுவரைக்கும் செம்மறிய மட்டுமாவது தனியாக் கட்டு.

தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு.